பத்துக்கு எட்டு மைதானம்

"அண்ணே, பொண்டாட்டியை ஏமாத்தணும். என்ன கலர் அடிக்கலாம்?"

பெயிண்டர் தோள்ல இருந்த ஏணியை இறக்கி வச்சுட்டு ஆளை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணமாகி எத்தனை நாளாச்சு?"

"எட்டு மாசம். அவ இன்னும் அம்மா வீட்லதான் இருக்கா. 'தீப்பெட்டிக்குள்ள குடித்தனம் பண்ண என் பொண்ணை அனுப்ப மாட்டேன்'னு மாமியார் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. ஒரு ரூம்தான், ஆனா பெரிய ரூம்னு சொல்லி வச்சிருக்கேன்."

பெயிண்டர் உள்ள எட்டிப் பார்த்தார். பத்துக்கு எட்டு.

"இதைப் பெரிய ரூம்னு சொல்ல உனக்கு எப்படிய்யா வாய் வந்துச்சு?"

"நான் லிஃப்ட் ஆபரேட்டர்ண்ணே. நாள் பூரா நாலுக்கு நாலு பெட்டிக்குள்ள நிக்கிறேன். சாயங்காலம் இங்க வந்தா எனக்கு மைதானம் மாதிரிதான் இருக்கு."

பெயிண்டருக்குச் சிரிப்பு வந்துருச்சு. சட்டைக் கையை மடிச்சு விட்டார்.

"எதிர்ச் சுவருக்கு வெளிர் நீலம். அடிச்சோம்னா சுவர் ரெண்டடி பின்னால போயிடும்."

"பின்னால பக்கத்து வீட்டுக்காரர் தூங்குறாரேண்ணே!"

"கண்ணுக்குத்தான்யா போகும். அவர் நிம்மதியா தூங்கட்டும்."

கூரைக்கு வெள்ளை அடிச்சார். அங்க இருந்த ஒரே ஸ்டூலோட காலை அரையடி அறுத்தார். கூரை அரையடி மேல ஏறுன மாதிரி இருந்துச்சு. பக்கச் சுவர்ல ஒரு கண்ணாடியை மாட்டினார். ஒரு ஸ்டூல் ரெண்டு ஸ்டூல் ஆச்சு.

கடைசியா போட்டோ. லிஃப்ட்காரன் எதிர்ச் சுவர் ஜன்னலை ஒட்டி நின்னான். பெயிண்டர் ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு, வாசலைத் தாண்டி, எதிர் வீட்டுக் கதவுல முதுகு முட்டுற வரைக்கும் பின்னால போனார்.

"மூச்சை இழுத்து ஒல்லியா நில்லு. ஆளு சின்னதா தெரிஞ்சாத்தான் ரூம் பெருசா தெரியும்."

மனைவி ஃபோனுக்குப் போட்டோ போச்சு. மாமியார் இறங்கி வந்தாங்க. கொஞ்சம் அதிகமாவே இறங்கி வந்துட்டாங்க.

"அவ்வளவு பெரிய ரூம் வெறிச்சோடிக் கிடக்குமே மாப்பிள்ளை. நாலடி அகலத்துல ஒரு பீரோ அனுப்பி வைக்கிறேன்."

பீரோ வந்தா குட்டு உடைஞ்சிரும். மாமியார் வண்டி வச்சு வந்து பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.

அடுத்த மாசம் மனைவி மட்டும் முதல்ல வந்து சேர்ந்தா. கையில ஒரு பை, ஒரு தையல் மிஷின். வாசல்ல நின்னு உள்ள பார்த்தா. அவன் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"அடேயப்பா! எம்மாம் பெருசு!"

செருப்பைக் கழட்டினதும் முதல் வேலையா அம்மாவுக்கு ஃபோன் போட்டா.

"அம்மா, அந்த பீரோவை அனுப்பாதே. இம்மாம் பெரிய ரூம்ல அது தீப்பெட்டி மாதிரி தெரியும். பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

வந்த அன்னைக்கே இவ்வளவு பெருமையா! அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. ஆனா, ஒரு டப்பா பெயிண்ட்டுக்கு இவ்வளவு சுலபமா ஏமாந்துட்டாளேன்னு உள்ளுக்குள்ள உறுத்துச்சு.

அவ பையிலிருந்து ஒரு திரைச்சீலையை எடுத்து ஜன்னல்ல மாட்டினா. மஞ்சள் பூ போட்டது. ஒரு விரல்கடை கூடலை, குறையலை.

"எப்போ தைச்சே?"

"போன மாசம்."

"அளவு?"

"போட்டோ அனுப்புனீங்களே. ஜன்னல் பக்கத்துலதானே நின்னீங்க? உங்க சட்டையெல்லாம் தைக்கிறவ நான். தோள் பதினேழரை அங்குலம். அதை வச்சு ஜன்னலை அளந்தேன். ஜன்னலை வச்சு சுவரை அளந்தேன். எட்டடி."

"நான் மூச்சை இழுத்துல்ல நின்னேன்?"

"மூச்சை இழுத்தா வயிறு சுருங்கும். தோள் சுருங்குமா?"

அவன் அந்தக் குட்டை ஸ்டூல்ல பொத்துன்னு உட்கார்ந்தான். முழங்கால் தாடையில இடிச்சுது. கண்ணாடிக்குள்ள இருந்த இன்னொருத்தனும் அதே மாதிரி அசடு வழிஞ்சான்.

"அப்போ... உங்க அம்மாகிட்ட சொன்னது?"

அவ திரைச்சீலையோட சுருக்கத்தை நீவி விட்டுக்கிட்டே, திரும்பாம சொன்னா.

"நாள் பூரா லிஃப்ட்டுக்குள்ள நிக்கிற மனுஷன். வீட்லயாவது கையை விரிக்க இடம் வேணாமா?"