ஷாக் அப்சார்பருக்கு மூன்று துளைகள்

உலகில் எந்த மண் தடமானாலும், பின்பக்க ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை மூன்று துளைகளில் எதில் மாட்ட வேண்டும் என்பதைத் தன் லேப்டாப் சொல்லிவிடும் என்று கிரண் காலையில் அறிவித்திருந்தான். இப்போது ஆரணி ஷெட்டில் வெயில் சாய்கிறது. கல்லூரிப் பந்தயக் கார் நான்காம் முறையாக ஜாக்கியிலிருந்து இறங்குகிறது. நாளை சேத்துப்பட்டில் பந்தயம். திருப்பத்தில் பின்பக்கம் இப்படியே துள்ளினால் வண்டி கவிழும். அதே அணியில் இருக்கும் நெசவு வீட்டுத் தேவிப்ரியா, தறியில் பாவு நூலின் விறைப்பைப் பார்ப்பதுபோல் காரின் பின்மூலையை உள்ளங்கையால் அழுத்துகிறாள். "சோத்தாங்கை பக்கம் வெறப்பா கீதுடா. கீழ் போல்ட்ட ஒரு ஓட்ட உள்ள தள்ளு." "இன்னா, பட்டுப்புடவையா நெய்யறே?" என்கிறான் கிரண். "புடவ துள்ளாதுடா," என்று அலுப்போடு டீ வாங்கப் போகிறாள். அவள் தெருமுனை திரும்பியதும் கிரண் போல்ட்டை ஒரு துளை உள்ளே மாற்றுகிறான். கிரீஸைச் சட்டையில் துடைத்துவிட்டு, கண்ணை மூடி, அந்த மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறான்.