மீட்டர் இருந்த இடம்

வீட்டு மாடியில் சூரியத் தகடுகளில் விளையும் மின்சாரத்துக்கு அரசு புள்ளி கொடுத்தது. போதிய புள்ளி சேர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே மருத்துவக் கல்லூரியில் இடம். மகள் ஷீபாவுக்கு அந்த இடம் கிடைக்கத்தான் ஜெபராஜ் பகலில் தன் மூச்சுக் கருவியை அணைத்துவைக்கத் தொடங்கினார்.

"வெயில் நேரத்துல நான் இழுக்குற கரண்டெல்லாம் ஷீபா புள்ளியில குறையும்ட்டி" என்பார். மனைவி எஸ்தர் கருவியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனதும் மறுபடி அணைத்துவிடுவார்.

"மீன் மாதிரி வாயப் பொளக்குதீக."

"கடலுக்குப் போனவன் வாய் பின்ன எப்படி இருக்கும்?" என்று திணறலுக்கு நடுவே சிரிப்பார்.

சித்திரையில் ஒரு மதியம், கருவி அணைந்திருந்த நேரத்தில், அவர் இறந்துபோனார்.

ஆனியில் புள்ளி சரிபார்க்கும் பெண் வந்தாள். மாடிக்குப் போய் இறங்கி, "மகளுக்கு இடம் உறுதிக்கா. தேவைக்கு மேலயே புள்ளி இருக்கு" என்றாள்.

"அவுக மெஷினை அணைச்சு அணைச்சுச் சேத்தது" என்றாள் எஸ்தர்.

அந்தப் பெண் விழித்தாள். "அணைச்சா எப்படிக்கா கூடும்? மீட்டர் மாடியில தகட்டோடயே இருக்கு. தகடு எடுக்குற அம்புட்டுக்கும் புள்ளி உண்டு. வீட்டுல எவ்வளவு செலவழிச்சாலும் குறையாது."

எஸ்தர் மூலையில் கிடந்த மூச்சுக் கருவியைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து ஷீபா அழுதபடி ஓடிவந்தாள். "கெடைச்சிட்டாம்மா? அப்பா சேத்துக் குடுத்த இடம்மா இது."

அந்தப் பெண் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். எஸ்தர் அவள் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

"ஆமாட்டி" என்றாள். "அப்பா சேத்ததுதான்."