ஏழாம் கூண்டின் வயிறு

"வயித்துல இருக்கிறது யாருதுன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்," என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார். ஆய்வு மாணவி தலைகுனிந்து நின்றாள். வாசலைக் கடந்த இருவர் காதைத் தீட்டிக்கொண்டு நடையைக் குறைத்தார்கள்.

கேட்டது ஏழாம் கூண்டு எலியின் வயிற்றைப் பற்றித்தான். ஈஸ்ட் குடலில் குடித்தனம் நடத்த ஒரு ஜீன் கட்டாயம் வேண்டும் என்பது பேராசிரியரின் பத்து வருடக் கட்சி. அதற்காக நாலாம் கூண்டு எலிக்கு ஜீன் உள்ள ஈஸ்டையும், ஏழுக்கு ஜீனைப் பிடுங்கிய ஈஸ்டையும் மாணவிதான் புகட்டியிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஏழின் புழுக்கையைச் சோதித்தால், ஜீன் உள்ள ஈஸ்ட் ஜாம்ஜாமென்று குடியிருக்கிறது.

"குழாயை மாத்திப் புகட்டியிருக்கே. மூணு வருஷ வேலையும் குப்பை. வேற கைடு பாத்துக்கோ."

"இல்ல சார். லேபிளை ரெண்டு தடவ பாத்துதான் குடுத்தேன்."

"அப்ப எப்படி வந்துச்சு? ஒண்ணு புழுக்கைய இன்னொண்ணு தின்னாத்தான் பரவும். ரெண்டும் தனித்தனிக் கூண்டு. பறந்து வந்துச்சா?"

சாட்சிக்கு எலிக்காரரைக் கூப்பிட்டார்கள். எலிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுகிறவர். சட்டையெல்லாம் மரத்தூள்.

"நம்ம வேலையில சுத்தத்துக்குக் கொறையே இல்ல சார். வாரா வாரம் எலிய வாளிக்கு மாத்தி, கூண்டத் தேச்சுக் கழுவி, வெயில்ல காய வச்சுத்தான் திரும்ப விடுவேன். ஏழு இப்ப நல்லாப் பெருத்துட்டா."

"அது ஈஸ்ட் பண்ற உப்புசம்," என்றார் பேராசிரியர், எல்லாம் தெரிந்தவராக. எலிக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பேராசிரியர் ஒரு தாளை நீட்டினார். 'தவறு முழுவதும் என்னுடையது' என்று அவரே எழுதி வைத்திருந்தார். அவளுடைய பேனா கையெழுத்தின் பாதியைத் தாண்டும்போது எலிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், ஏழாம் கூண்டுல ஒம்பது குட்டி."

பேனா நின்றது. பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"தனிக் கூண்டுல இருக்கிற எலிக்கு எப்படிய்யா குட்டி?"

எலிக்காரர் பின்கழுத்தைச் சொறிந்தார்.

"எங்கிட்ட இருக்கிறது ஒரே வாளிதானே சார்."