சில்லென்று ஓர் உருண்டை

"நினைச்ச நேரத்துல அழ வருமாம்மா உங்களுக்கு?"

கோயில் வாசலில் அவளை நிறுத்தி ரெனான் கேட்ட கேள்வி இது. தலைநகர் லீமாவிலிருந்து வந்தவன். தேர்தலில் நிற்பவர்களுக்குத் தொலைக்காட்சியில் பேசக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். பெரிய வெள்ளி ஊர்வலத்தில் மாதா சிலைக்குப் பின்னால் அழுதுகொண்டு போகும் பெண்களில் இவளைப் போல் அழ ஆளில்லை என்று பாதிரியார்தான் கைகாட்டியிருந்தார்.

"வரும்" என்றாள்.

பெயரைக்கூடக் கேட்காமல், "நாளைக்குக் காலையில கட்சி ஆபீசுக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் போனாள். ஆளுநர் பதவிக்கு நிற்கும் முன்னாள் மேயர் எவாரிஸ்தோ, சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து பழச்சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நீங்கதான் நெலிடா" என்றான் ரெனான். "படகுத்துறை இடிஞ்சப்ப உங்க பொண்ணு யெசெனியா ஆத்தோட போயிட்டா. மீன் விக்கப் போன பொண்ணு. நாளைக்கு டிவி விவாதத்துல அந்த நெலிடா கேக்கப் போறதை நீங்க இப்பக் கேக்கணும். ஒத்திகைதான்."

அவள் ஒரு கணம் வாசலைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மீன் இல்ல தம்பி. அந்தத் துறையில வாழைத்தார்தான் இறங்கும்."

"என்னவோ ஒண்ணு. ஆரம்பிங்கம்மா."

அழுகை உடனே வந்தது. "மேயர் ஐயா, துறை உளுத்துப்போனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"அந்த வருஷம் மழை அப்படிம்மா..."

"நிறுத்துங்க!" ரெனான் கத்தினான். "மழைமேல பழியைப் போட்டா ஜனம் சேனலை மாத்திரும். பதிலே சொல்லாதீங்க. மேடையை விட்டு இறங்கி வந்து கையைப் பிடிங்க. 'உங்க பொண்ணு எனக்கும் பொண்ணுதான்'னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கங்க. அதுக்குள்ள நேரம் முடிஞ்சு மணி அடிச்சிரும்."

"இந்தக் கேள்வி வராமலே பண்ண முடியாதாய்யா? ஊர்ல அத்தனை பேர் கேள்வி எழுதிப் போட்டிருக்காங்க."

"வரவைக்கறதே நான்தான். ஆஸ்பத்திரி, வரின்னு கேட்டா உங்களுக்கு என்ன தெரியும்? இதுக்கு அழுதா போதும். கேள்வியை எல்லாம் உருண்டைக்குள்ள போட்டுக் கண்ணாடிக் குடுவையில சுத்துவாங்கல்ல? நெலிடா உருண்டை மட்டும் ஐஸ் பெட்டியில இருந்து வரும். எடுக்கறது நம்ம ஆளு. கைக்குச் சில்லுனு படறதை எடுப்பான்."

"அட எமகாதகா!" எவாரிஸ்தோ தொப்பை குலுங்கச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "நான் அந்தச் சாவு வீடுகளுக்கு ஒரு எட்டுகூடப் போகலையேப்பா. மூஞ்சியே தெரியாதே."

"நல்லதாப் போச்சு. முதல் சந்திப்பே டிவியில. நெலிடா கட்டாயம் வருவா. கேள்வி எழுதினவங்க அரங்கத்துல உட்காரணும்னு விதி."

திரும்பத் திரும்ப நடத்தினார்கள். ஒவ்வொரு முறையும் பழச்சாற்றின் பிசுபிசுப்போடு அந்தக் கை அவள் கையைப் பிடித்தது. "அவளைப் பார்க்காதீங்க, தோளுக்கு மேல கேமராவைப் பாருங்க" என்று ரெனான் விரல் சொடுக்கினான். கடைசியில் எவாரிஸ்தோவின் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. ரெனான் கைதட்டினான்.

 அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

"ஐயா, கேமராதான் இல்லையே. நெசமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன?" கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார் எவாரிஸ்தோ. "துறையை மூடுங்கன்னு இன்ஜினியர் மூணு மாசம் முன்னாடியே வந்து சொன்னான். திருவிழா சமயம். மூடினா வியாபாரி ஒருத்தன் ஓட்டுப் போடுவானா எனக்கு?"

"அங்க வந்து இதை உளறி வைக்காதீங்க!" என்றான் ரெனான். மூவரில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மறுநாள் மாலை. அரங்கம் நிரம்பி வழிந்தது. கண்ணாடிக் குடுவை சுழன்று நின்றது. கைவிட்ட ஆள் கொஞ்சம் துழாவினான். லேசாகப் புன்னகைத்து ஓர் உருண்டையை எடுத்தான்.

"கேள்வி எழுதியவர், நெலிடா!" என்று அறிவித்தார் நடத்துநர்.

பெயர் காதில் விழுந்ததுமே எவாரிஸ்தோ படியிறங்கிவிட்டார். முகம் வாடியிருந்தது, கண் பளபளத்தது, இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன.

மூன்றாவது வரிசையில் கறுப்புச் சால்வை போர்த்திய ஒருத்தி எழுந்து அடையாள அட்டையை நீட்டினாள். ஊழியப் பெண் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்து ஒலிவாங்கியைக் கொடுத்தாள்.

நீட்டிய கைகள் பாதியில் நின்றன. ஓரத்தில் நின்றிருந்த ரெனான் வாயைப் பொத்திக்கொண்டான்.

இன்று அவள் அழவில்லை.

"நேத்து என்கிட்ட சொன்னதை இங்கயும் சொல்லுங்க ஐயா."

எவாரிஸ்தோ சட்டையில் குத்தியிருந்த மைக்கைப் பிடுங்கிக் கீழே போட்டார். வாசலைப் பார்த்து நடந்தார்.