பஞ்சாரம் கொடுத்த வாக்கு

வானத்தில் பருந்து வட்டமடித்தது. வெளியே மேயப் போவதா வேண்டாமா என்று வெள்ளச்சிக் கோழிக்கு ஒரே யோசனை.

கோழிகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரம் அழைத்தது. "எனக்குள்ள இரு தாயி. பருந்து உன் இறகைக்கூடத் தொடாது. அதுக்கு நான் பொறுப்பு."

வெள்ளச்சி உள்ளே போய் அடங்கியது. கறுப்பிக் கோழியோ, "கண்ணும் காலும் இருக்கு, பார்த்துக்கிறேன்" என்று குப்பைமேட்டுக்குக் கிளம்பிவிட்டது. பிழைக்கத் தெரியாதது என்று வெள்ளச்சி பரிதாபப்பட்டது.

மத்தியானம் அந்த வீட்டுக்குப் புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தார். வீட்டுக்காரி கறுப்பியைத்தான் முதலில் துரத்தினாள். அது பறந்து முருங்கைமரத்தில் ஏறிக்கொண்டது. மூச்சு வாங்க வந்தவள் பஞ்சாரத்தைத் தூக்கி, வெள்ளச்சியின் காலைப் பிடித்தாள்.

"நீதானே பொறுப்புன்னு சொன்னே?" என்று வெள்ளச்சி கதறியது.

"பருந்து தொடாதுன்னு சொன்னேன்," என்றது பஞ்சாரம். "தொட்டுச்சா?"