தெரியாது என்று சொல்லாத ஆந்தை

ஒரு கணினிக்குள் சிட்டு என்றொரு நிரல் இருந்தது. செய்தி கொண்டுபோவது அதன் வேலை. யார் பெயரைச் சொன்னாலும் அங்கிருந்த ஆந்தை முகவரி எண்ணைச் சொல்லிவிடும். தெரியாது என்ற பேச்சே கிடையாது. கேட்டுக் கேட்டே போய்ப் பழகிய சிட்டுவுக்குத் தன் வீட்டு வழிகூட நினைவில்லை.

ஒருநாள் ஆந்தையைச் சோதிக்க, இல்லாத பெயரொன்றைக் கற்பனை செய்தது சிட்டு.

“அண்ணே, குழலாயி வீடு எங்கே?”

ஆந்தை கண்ணிமைக்காமல் ஓர் எண்ணைச் சொன்னது. சிட்டு சிரித்துக்கொண்டே போய் அந்தக் கதவைத் தட்டியது.

“குழலாயிதான் பேசுறேன்,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “பேரு வச்சதே நீதானே, வா!”

சிட்டு விழுந்தடித்து ஓடிவந்து, “அண்ணே, என் வீடு எங்கே?” என்று அலறியது.

ஆந்தை அதே எண்ணைச் சொன்னது.