ஊரார் வீட்டுப் பிள்ளை

"பையனோ பொண்ணோ, மதின்னு வைக்கலாமே!" என்றாள் காஜா எடுப்பவள், பக்கத்தில் பட்டன் தைப்பவளிடம். தையல் கடையில் வேலை கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

கட்டிங் மாஸ்டர் மூக்கை நுழைத்தார். "யாருக்குப் பேரு?"

"ஒரு சிநேகிதிக்குக் குழந்தை பிறக்கப்போகுது, மாஸ்டர்" என்றாள் காஜாக்காரி.

"அதுக்கு ரெண்டெழுத்துதானா? துணி பத்தலையா? ராஜராஜேந்திர வீரமார்த்தாண்ட பூபதின்னு வைங்க!"

"பாவம், பெத்தவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?"

"பெத்துக்கத் தெரியுதில்ல? கூப்பிடவும் கத்துக்கட்டும்!"

எப்படிச் சொல்வதென்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்த பட்டன் தைப்பவள் சிரித்துவிட்டாள். "சரிங்க. உங்க பிள்ளைக்கு நீங்க வெச்ச பேரே இருக்கட்டும்."

மாஸ்டர் பட்டன் தைக்கும் தன் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்திலிருந்த டேப் நழுவியதுகூடத் தெரியவில்லை. எத்தனை வருஷக் காத்திருப்பு!

"நிஜமாவா?" என்றார். பிறகு அவசரமாகக் காஜாக்காரியிடம் திரும்பினார்.

"ஏம்மா, அந்த ரெண்டெழுத்தே இருக்கட்டும். நாள் பூரா கூப்பிடப்போறது நான்தானே!"